ராத்திரி டியூட்டி டாக்டர்கள் நிற்பதே இல்லை. சின்ன ஊர் ஆஸ்பத்திரி என்ன செய்வது?

ரஸ்தாக்காரர் கேட்டது:

காரைக்குடிப் பக்கம் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் நிர்வாகம் பார்க்கிறேன். 50 படுக்கை, ஒரு தியேட்டர், சின்னதாக ஓர் ஐசியூ. ஊர்ப் பெரியவர்கள் தர்மத்துக்கு ஆரம்பித்தது; இன்றைக்கு வரவும் செலவும் சரியாக இருந்தால் போதும் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. பகலில் கவலை இல்லை. பிசிஷியன், சர்ஜன், மகப்பேறு டாக்டர் மூவருக்கும் உள்ளூரிலேயே வீடு. ஆர்த்தோவும் மயக்க டாக்டரும் கூப்பிட்டால் வருவார்கள். என் தலைவலியெல்லாம் ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான்.

ராத்திரிக்கு ஒரே ஒரு டியூட்டி டாக்டர். எம்பிபிஎஸ் படித்து, ஹவுஸ் சர்ஜன் வருஷத்தை முடித்த கையோடு வருகிற பிள்ளைகள். எல்லோருக்கும் குறி முதுநிலைப் படிப்புக்கான நீட் பிஜி பரீட்சை மேல்தான். அதை நான் தப்பு சொல்ல மாட்டேன், என் பிள்ளையாக இருந்தாலும் அதைத்தான் செய்யச் சொல்வேன். ஆனால் பரீட்சை நெருங்க நெருங்க ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள். 2024-ல் ஜூன் 23 பரீட்சை என்றார்கள். முந்தின நாள் ராத்திரி தள்ளிவைத்து, கடைசியில் ஆகஸ்ட் 11-ல் நடத்தினார்கள். ஜூலையில் திரும்ப வருகிறேன் என்று சொல்லிப்போன பெண் "இன்னும் ஒன்றரை மாசம் லீவு வேணும் சார்" என்றது. நான் போட்ட டியூட்டி ரோஸ்டரைக் கிழித்துப் போட வேண்டியதாயிற்று. அடுத்த வருஷமும் ஜூன் 15 ஆகஸ்ட் 3-க்குப் போனது.

இங்கே வருகிற நோயாளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டு முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். உள்ளே குடியிருப்பது எண்பது வயதில் ஓர் ஆச்சியும் சமையலுக்கு ஓர் அம்மாவும்தான். பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில், கோலாலம்பூரில். ராத்திரி மூச்சு வாங்குகிறது என்று ஆட்டோவில் ஏற்றி வருவது அந்தச் சமையல்கார அம்மா. என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டால் ஒரு மஞ்சள் பையை மேஜையில் கவிழ்ப்பார். பாதி இங்கே வாங்கியது, பாதி பிள்ளை கொண்டுவந்து கொடுத்தது. எது பழசு, எது இப்போது சாப்பிடுவது என்று அவருக்கும் தெரியாது. கல்யாண சீசன் என்றால் வெளியூரிலிருந்து வந்திறங்கிய பெரியவர்கள் மருந்துச் சீட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்திருப்பார்கள்.

போன தைக்கு அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். ஓர் ஆச்சி காய்ச்சலோடு சேர்ந்தார். சிறுநீர்த் தொற்று. சர்க்கரைக்கு மகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த இன்சுலின் பேனா. ராத்திரி பார்த்தால் பேனாவுக்கு ஊசிமுனை இல்லை. டியூட்டி டாக்டர் சேர்ந்து இரண்டாவது நாள். "வீட்டு இன்சுலினையே 20 யூனிட் போடுங்கள்" என்று எழுதிவிட்டார். புது நர்ஸ் பேனாவின் கார்ட்ரிட்ஜிலிருந்து, நம் வார்டில் எப்போதும் கிடக்கிற சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஐசியூவிலிருந்து எதற்கோ வந்த மூத்த சிஸ்டர் கையைப் பிடித்து நிறுத்தினார். பேனாவில் இருப்பது ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சு, மில்லிக்கு 40 யூனிட் இருக்கிற மருந்துக்கானது. உள்ளே போயிருந்தால் 20 இல்லை, 50 யூனிட். ஆச்சி மறுநாள் இட்லி சாப்பிட்டுவிட்டு, காபி சூடாக இல்லை என்று என்னைத் திட்டினார். அவருக்கு இன்றுவரை விஷயம் தெரியாது.

இதை டிரஸ்ட் கூட்டத்தில் வைத்தேன். ஒருவர், "சம்பளத்தை ஏற்றி, ஒரு வருஷ பாண்ட் எழுதி, ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி பீரோவில் வை" என்றார். இன்னொருவர், "ஆஸ்பத்திரியிலேயே முதுநிலை படிக்கிற டிஎன்பி சீட்டு வாங்கிவிட்டால் மூன்று வருஷத்துக்கு ரெசிடென்ட் டாக்டர்கள் இருப்பார்களே" என்கிறார். மூன்றாமவர் அந்த டியூட்டி டாக்டர் பையனை வேலையிலிருந்து நிறுத்தச் சொன்னார். நான் நிறுத்தவில்லை. அவனை அனுப்பிவிட்டால் அடுத்து வருகிறவனுக்கும் அதே இரண்டாவது ராத்திரி வரத்தானே போகிறது?

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆறு மாதத்தில் போய்விடப் போகிறவர்களுக்கு என்ன பயிற்சி கொடுப்பது, யார் கொடுப்பது? டிஎன்பி என்பது நமக்கெல்லாம் எட்டுகிற விஷயம்தானா?

—

பழைய சீஃப் எழுதியது:

அரசு மருத்துவக் கல்லூரிகளில் சர்ஜரி யூனிட் நடத்தி ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த சர்டிபிகேட் யோசனை. வேண்டவே வேண்டாம். நல்ல பிள்ளை அதைக் கேட்டதுமே எழுந்து போய்விடும். வேறு வழியில்லாதது மட்டும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும், அதுவும் வயிற்றெரிச்சலோடு. அந்த மனநிலையில் இருக்கிற ஆளை விடிய விடிய உங்கள் ஆச்சிகளுக்குக் காவல் வைக்கப் போகிறீர்களா?

டிஎன்பி. கல்லூரி அல்லாத ஆஸ்பத்திரிகளிலும் முதுநிலைப் படிப்பு நடக்க அது ஒரு வழி, உண்மைதான். ஆனால் தேசியத் தேர்வு வாரியம் கேட்கிற படுக்கை எண்ணிக்கை, முழுநேர சீனியர் டாக்டர்கள், நோயாளி வரத்து, ஆய்வேட்டுக்கு வழிகாட்டி, இவையெல்லாம் 50 படுக்கையில் நடக்காது. நடந்தாலும், ராத்திரிக்கு ஆள் கிடைக்கும் என்பதற்காகச் சீட்டு வாங்குகிற ஆஸ்பத்திரியில் படிக்க வருகிற பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? இன்னொரு பேச்சும் உங்கள் கூட்டத்தில் அடிபடலாம். பிஜி மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட ஆஸ்பத்திரியில் வேலை செய்ய வேண்டும் என்று 2020-ல் விதி வந்தது, 2023 விதிகளிலும் அது இருக்கிறது. அது அரசு ஆஸ்பத்திரிகளுக்கானது. உங்கள் ரோஸ்டரில் அவர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஆள் எடுப்பதற்கு நீங்கள் போக வேண்டிய இடம் பக்கத்திலேயே இருக்கிறது. சிவகங்கையில் 2012-ல் மருத்துவக் கல்லூரி வந்தது, புதுக்கோட்டையில் 2017-ல். ஹவுஸ் சர்ஜன் முடிகிற சமயத்தில் அங்கே போய் நேரில் பேசுங்கள். "எத்தனை மாதம் இருப்பாய்" என்று கேளுங்கள், அதைவிட முக்கியம், அவர்கள் சொல்லும் பதிலை நம்புங்கள். ஆறு மாதம் என்றால் ஆறு மாதத்துக்குத் திட்டம் போடுங்கள். போகிறவர்களை இழுத்துக் கட்டுவதில் செலவாகிற சக்தியை, நேற்று வந்தவன் இருந்தாலும் நோயாளிக்கு ஆபத்து வராதபடி ஆஸ்பத்திரியை ஒழுங்கு செய்வதில் செலவழியுங்கள். அந்தப் பையனை நிறுத்தாதது நல்ல காரியம்.

சேர்ந்த அன்றே ராத்திரி டியூட்டி போடக்கூடாது. இரண்டு நாள் பகல், சம்பளத்தோடு. அப்புறம் இரண்டு ராத்திரி பழைய டாக்டர் கூடவே. இந்த நாலு நாளில் மருத்துவம் சொல்லித்தர வேண்டாம், அதை அவன் படித்துவிட்டுத்தான் வருகிறான். உங்கள் இடத்தைச் சொல்லிக்கொடுங்கள். மூச்சுக்குழாயில் குழாய் போட உதவும் லாரிங்கோஸ்கோப் எந்த டிராயரில், அதன் பல்பு எரிகிறதா, ஆக்சிஜன் சிலிண்டர் மாற்றுகிற ஆள் ராத்திரி எங்கே தூங்குகிறார், ரத்தம் எங்கிருந்து எவ்வளவு நேரத்தில் வரும், மதுரை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவதென்றால் யாரிடம் பேசிவிட்டு அனுப்புவது. படித்த டாக்டர் ராத்திரி தடுமாறுவது பெரும்பாலும் இதில்தான்.

உங்கள் வட்டாரத்துக்கு என்று சில வியாதிகள் உண்டு, அதையும் சொல்லிவையுங்கள். நகரத்தில் படித்த பிள்ளைக்குக் கட்டுவிரியன் கடி புத்தகத்தில் மட்டும் இருக்கும். தரையில் பாய் போட்டுப் படுத்தவன் அதிகாலை நாலு மணிக்கு வயிற்று வலி என்று வருவான். கடித்த தடம் தேடினாலும் கிடைக்காது, வீக்கம் இருக்காது. வாயுத் தொல்லை என்று ஓர் ஊசி போட்டு உட்காரவைத்தால், இமை இரண்டும் இறங்க ஆரம்பித்து, மூச்சுத் தசை செயலிழக்கிறவரை யாருக்கும் உறைக்காது. ஆகவே அந்த நேரத்தில், தரையில் படுத்தவர், காரணம் புரியாத வயிற்று வலி என்றால் இமையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. இதை ஒரு அட்டையில் எழுதிக் கேஷுவாலிட்டி சுவரில் ஒட்டலாம்.

இனி, எனக்கு முக்கியமாகப் படுவது. டியூட்டி மாறும் நேரம்.

கண்ணாடி விரியன் கடித்து ஒருவர் இரவு இரண்டு மணிக்கு வருகிறார் என்று வையுங்கள். புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்க்கிறார்கள். உறையவில்லை. விஷமுறிவு மருந்து ஏற்றுகிறார்கள். எல்லாம் சரி. அதே சோதனையை 6 மணி நேரம் கழித்துத் திரும்பச் செய்ய வேண்டும். அதாவது காலை எட்டு மணிவாக்கில். உங்கள் டியூட்டி மாறுவதும் எட்டு மணிக்கு. ராத்திரி டாக்டர் குளிக்கப் போய்விடுவார். பகல் டாக்டர் ஓபியில் உட்கார்ந்துவிடுவார். கேஸ் ஷீட்டில் "விஷமுறிவு மருந்து கொடுக்கப்பட்டது" என்று அழகாக இருக்கும். ரத்தம் உறைகிறதா என்று பார்க்க ஆள் இருக்காது. மதியம் சிறுநீரில் ரத்தம் வந்த பிறகு ஓடுவார்கள். இந்த விபத்தில் யாருக்கும் அறிவுக் குறை இல்லை. ஒருவர் தலையில் இருந்த ஒரு வரி அடுத்தவர் தலைக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்கா, கனடாவில் 9 குழந்தை மருத்துவப் பயிற்சி ஆஸ்பத்திரிகளில் ரெசிடென்ட்களுக்கு, டியூட்டி மாறும்போது நோயாளிகளை அடுத்த டாக்டரிடம் விடுகிற இந்த ஒப்படைப்பை மட்டும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். ஐ-பாஸ் என்று பெயர். 2014-ல் முடிவு வந்தது: மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன, தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதம். அதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. யார் மோசமாக இருக்கிறார், அவர் கதை சுருக்கமாக என்ன, செய்ய மீதி இருப்பது என்ன, எது நடந்தால் என்ன செய்வது. கடைசியாக, வாங்கிக்கொள்கிறவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். நம் ஊரில் விட்டுப்போவது இந்தக் கடைசி வேலை. "சரி சார், சரி சார்" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

வேலை நேரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆள் இல்லை என்று ஒரே பையனை ராத்திரியும் மறுநாள் பகலும் சேர்த்துப் பார்க்க வைக்கிறீர்களா? 1984-ல் நியூயார்க்கில் லிபி ஸையன் என்ற 18 வயதுப் பெண் ஆஸ்பத்திரியில் இறந்தாள். நீண்ட டியூட்டியில், மேற்பார்வை போதாமல் இருந்த பயிற்சி டாக்டர்கள் கையில் இருந்தாள். அப்பா சும்மா விடவில்லை. 1989-ல் அந்த மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 2004-ல் வந்த ஓர் ஆய்வில், 24 மணி நேரத்துக்கு மேல் நீள்கிற டியூட்டி பார்த்த இன்டர்ன்கள், அதாவது முதல் வருஷப் பயிற்சி டாக்டர்கள், ஐசியூவில் 36 சதவீதம் கூடுதலாகக் கடுமையான தவறுகள் செய்தது தெரிந்தது. சரி, நேரத்தைக் குறைத்துவிட்டால் போதுமா என்றால் அதுவும் இல்லை. 2011-ல் முதல் வருஷத்தவர்களுக்குத் தொடர்ந்து 16 மணி நேரம்தான் என்று அமெரிக்கா முழுக்கக் குறைத்துப் பார்த்தார்கள், 2017-ல் அதைத் தளர்த்திவிட்டார்கள். நேரம் குறைந்தால் கைமாறுவது கூடும். கைமாறும் இடம் ஓட்டையாக இருந்தால் பலன் எங்கே நிற்கும்?

—

மூணாவது செமஸ்டர் எழுதியது:

சீஃப் சார் சொன்ன அந்த மூன்று மாதத்தில்தான் இப்போது இருக்கிறேன், தெற்கத்தி மாவட்டம் ஒன்றில், பொது மருத்துவம். பிஜி கிடைப்பதற்கு முன்னால் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி பார்த்தவள். அதனால் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் வேலை பார்த்த இடத்தில் டியூட்டி ரூமுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. பாத்ரூம், வார்டைத் தாண்டி, அட்டெண்டர்கள் படுத்திருக்கிற வராந்தாவின் கடைசியில். தாழ்ப்பாள் போட்டுத் தாருங்கள் என்று கேட்டேன், "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே" என்றார்கள். சீக்கிரமே விலகிவிட்டேன், காரணம் பரீட்சை என்று எழுதிக் கொடுத்தேன். ரஸ்தாக்காரர் சார், உங்களிடம் "பரீட்சை" என்று எழுதிக் கொடுத்துப் போன பெண்களில் எத்தனை பேருக்கு நிஜமாகவே பரீட்சை என்று யோசித்துப் பாருங்கள். 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் டியூட்டியில் இருந்த ஒரு பிஜி டாக்டருக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு உச்ச நீதிமன்றமே தேசியப் பணிக்குழு அமைத்தது. எங்கள் வீடுகளில் இப்போது வேலைக்குப் போகும் முன்னால் அப்பா வந்து ரூமைப் பார்த்துவிட்டுத்தான் சரி என்கிறார்.

இரண்டாவது இடத்தில் பரீட்சை வரை நின்றேன். சம்பளம் அங்கே குறைவு. என்னைப் போகவிடாமல் தங்கவைத்தது அங்கிருந்த பிசிஷியன். ஈசிஜியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்க்க மாட்டார். "நீ என்ன நினைக்கிறேன்னு முதல்ல எழுதும்மா, அப்புறம் அனுப்பு" என்பார். நான் "லேட்டரல் சைடு மாற்றம் மாதிரி இருக்கு சார்" என்று எழுதினால், "மாதிரின்னா? எந்த லீடு?" என்று பதில் வரும். ராத்திரி இரண்டு மணிக்கு! ஆனால் ஒரு நாளும் ஏன் கூப்பிட்டாய் என்று கேட்டதில்லை. காலை ரவுண்ட்ஸில் அந்த ஈசிஜியைக் கையில் எடுத்துக்கொண்டு பத்து நிமிஷம் பேசுவார். எந்த கோச்சிங் ஆப்பிலும் கிடைக்காதது. தோழிகள் இரண்டு பேரை நானே அங்கே சேர்த்துவிட்டேன். ஆள் பிடிக்கிற விளம்பரம் உங்களுக்கு அதுதான் சார்.

ஒரு டாக்டர் திட்டினால் என்ன நடக்கும் என்பதையும் சொல்கிறேன். முதல் ஆஸ்பத்திரியில் ஒரு சர்ஜன் "இதுக்கா எழுப்பினே?" என்பார். அதற்கப்புறம் நாங்கள் செய்தது என்ன தெரியுமா? கூப்பிடலாமா வேண்டாமா என்று பக்கத்து ஆஸ்பத்திரி டியூட்டி டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்போம். அவளும் என்னை மாதிரி ஒரு ஃபிரஷர். ஆகவே எப்போது கூப்பிட வேண்டும் என்பதை எங்கள் இஷ்டத்துக்கு விடாதீர்கள். பிரஷரின் மேல் அளவு 90-க்குக் கீழே போனால், நிமிடத்துக்கு மூச்சு 30-ஐத் தாண்டினால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் குழம்பிப் பேசினால், நர்ஸுக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றினால், கட்டாயம் போன். இதில் எல்லா சீனியர்களையும் கையெழுத்துப் போட வைத்துவிடுங்கள். கையெழுத்துப் போட்டவர் திட்ட முடியாது பாருங்கள்.

டியூட்டி நேரம் பற்றி: ரெசிடென்ட்களுக்குத் தொடர்ச்சியான வேலை சாதாரணமாக 12 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று மத்திய அரசு 1992-லேயே எழுதிவிட்டது. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த குழு 2024-ல் வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. எங்கள் காலேஜ் நோட்டீஸ் போர்டில் இரண்டையும் பார்த்த ஞாபகம் இல்லை. இதை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தடவை எழுந்து போய்விட்டு வந்தேன்.

—

வார்டு சிஸ்டர் எழுதியது:

டாக்டர்கள் நிறையப் பேசிவிட்டார்கள். அந்த மூத்த சிஸ்டருக்கு உங்கள் டிரஸ்டில் யாராவது ஒரு நன்றி சொன்னார்களா சார்?

இன்சுலின் விஷயத்தில் பையனுக்கு வகுப்பு எடுத்தால் மட்டும் போதாது. சிவப்பு மூடி 40, ஆரஞ்சு மூடி 100, இதை நர்ஸிங் பிள்ளைகளுக்கும் டாக்டர் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும். கார்ட்ரிட்ஜில் ஊசி குத்தி மருந்து இழுக்கவே கூடாது. எங்கள் இடத்தில் வீட்டிலிருந்து வருகிற இன்சுலின் எதுவானாலும் அட்மிஷன் போடும்போதே வாங்கி, பெயர் எழுதி, பார்மசியில் வைத்துவிடுவோம். வார்டில் ஆஸ்பத்திரி இன்சுலின் மட்டும்தான். மகன் போனில் சண்டை போடுவார், "நான் வாங்கிக் கொடுத்தது காஸ்ட்லி" என்பார். போடட்டும்.

அதே மாதிரி பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல். 10 மில்லி பிளாஸ்டிக் ஆம்பூல், டிஸ்டில்டு வாட்டர் ஆம்பூலும் அதே உயரம், அதே நிறமில்லாத தண்ணீர். ராத்திரி அரை வெளிச்சத்தில் ஒரே டிரேயில் இரண்டும் கிடந்தால் என்ன ஆகும்? கலக்காமல் நரம்பில் போட்டால் இதயம் நின்றுவிடும். வார்டு டிரேயில் அது இருக்கவே கூடாது. ஐசியூவில் தனிப் பெட்டி, பூட்டு, எடுக்கும்போது இரண்டு பேர் பார்ப்பது. இன்றைக்கே போய் உங்கள் டிரேக்களைப் பாருங்கள் சார், இதற்குப் பணம் வேண்டாம்.

போனில் மருந்து சொல்கிற வழக்கம் உங்கள் இடத்திலும் இருக்கும். சொன்னால் எழுதி, திரும்பப் படித்துக் காட்டி, அப்புறம்தான் போட வேண்டும். பெரிய டாக்டர் "எனக்குத் தெரியாதா" என்று கோபப்பட்டாலும் படித்துக் காட்டத்தான் வேண்டும்.

அப்புறம் மெமோ. எங்களுக்கெல்லாம் மெமோ என்றால் இன்கிரிமென்டு போச்சு என்று அர்த்தம். முன்னால் நான் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் தப்பைச் சொன்ன பிள்ளைக்கே மெமோ கொடுத்தார்கள். அதற்கப்புறம் அந்த வார்டில் ஒரு தப்புகூட நடக்கவில்லை, ரிஜிஸ்டர்படி. உங்களிடம் அந்தப் புது நர்ஸுக்கு மெமோ போயிருந்தால் தயவுசெய்து கிழித்துப் போடுங்கள். நடக்க இருந்து தப்பியதை எழுத ஒரு நோட்டு வையுங்கள், எழுதியவர் பெயர் வேண்டாம், மாதம் ஒரு தடவை டாக்டர், நர்ஸ், பார்மசிஸ்ட் எல்லோரும் உட்கார்ந்து படியுங்கள்.

—

ரஸ்தாக்காரர்:

எல்லோருக்கும் நன்றி. சிஸ்டர், மெமோ தயாராகி என் மேஜையில் கையெழுத்துக்கு இருந்தது. போடவில்லை. மூத்த சிஸ்டருக்கு அடுத்த கூட்டத்தில் டிரஸ்ட் தலைவர் கையால் ஒரு சால்வை என்று முடிவாகியிருக்கிறது. அவர் "சால்வை வேண்டாம் சார், ராத்திரிக்கு இன்னொரு நர்ஸ் போடுங்க" என்கிறார். அதுவும் நியாயம்தான்.

நீங்கள் சொன்னதும் போய் டிரேக்களைப் பார்த்தேன். இரண்டாவது மாடி வார்டில் பொட்டாசியம் ஆம்பூல்கள் இருந்தன, டிஸ்டில்டு வாட்டருக்குப் பக்கத்துக் குழியில். எடுத்தாயிற்று.

சீஃப் சார், நீங்கள் சொல்கிற நாலு நாளுக்குச் சம்பளம், கூடவே இரண்டு ராத்திரி இரட்டை டாக்டர் என்பதற்கு டிரஸ்டில் முதலில் முகம் சுளித்தார்கள். வருஷத்துக்கு எத்தனை முறை ஆள் மாறுகிறது, ஒவ்வொரு முறையும் இத்தனை செலவா என்றார்கள். விளம்பரத்துக்கும் ஏஜென்ட்டுக்கும் இதுவரை கொடுத்த பில்களை எடுத்து வைத்தேன். பேச்சு நின்றது. சர்டிபிகேட் யோசனையையும் விட்டாயிற்று. தாழ்ப்பாள் நம் டியூட்டி ரூமில் இருக்கிறது அம்மா, ஆனால் பாத்ரூம் நீங்கள் சொன்ன மாதிரியேதான் வராந்தாக் கடைசியில். ரூமுக்கு உள்ளேயே ஒன்று கட்ட மேஸ்திரியிடம் பேசியிருக்கிறேன்.

போன் போட வேண்டியவை பட்டியலில் இரண்டு டாக்டர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மூன்றாமவர், "எல்லாவற்றுக்கும் எழுப்பினால் காலையில் நான் எப்படி ஆபரேஷன் பண்றது" என்று கேட்கிறார். அவருக்கு 58 வயது, ஊரில் ஒரே சர்ஜன். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. என்ன பதில் சொல்வது?

—

பழைய சீஃப்:

அவர் பக்கமும் நின்று பார்க்க வேண்டியதுதான். ஊருக்கு ஒரே சர்ஜன் என்றால் அவருக்கும் தூக்கம் வேண்டும், தூங்காத சர்ஜன் கத்தி பிடிப்பதும் ஆபத்துத்தான். முதல் போன் பிசிஷியனுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிறு, ரத்தப்போக்கு, ஆபரேஷன் ஆன நோயாளி, இந்த மூன்றுக்கு மட்டும் நேராக சர்ஜன். ராத்திரி மூன்று மணிக்கு மேல் எழுந்து வந்தார் என்றால் மறுநாள் முதல் கேஸை பத்து மணிக்குத் தள்ளிவையுங்கள், அதை நீங்களே அவருக்குச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுவார்.

ஒப்படைப்புக்கு சாஃப்ட்வேர் எதுவும் வாங்க வேண்டாம். ஏ4 தாள் ஒன்று, ஐசியூவும் மோசமான நோயாளிகளும் மட்டும், காலை 7.45-க்கு இரண்டு டாக்டரும் சிஸ்டரும் படுக்கைப் பக்கத்தில் நின்று படிக்க வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு ஒப்படைத்துவிட்டேன் என்று சொல்வதை ஒத்துக்கொள்ளாதீர்கள். நோயாளி பெயரும் படமும் ஊர் முழுக்கப் போகும், படித்தாரா இல்லையா என்பதும் தெரியாது.

இன்னொன்று, ஈசிஜி பேப்பர் ரோல், பேனா ஊசிமுனை, அந்தக் கண்ணாடிக் குழாய் எல்லாம் கேஷுவாலிட்டியிலேயே தனியாக இருப்பு இருக்கட்டும். உங்கள் ஸ்டோர் சாவி ராத்திரி யாரிடம் இருக்கிறது?

—

ரஸ்தாக்காரர்:

ஸ்டோர்கீப்பர் வீட்டில், சார். வீடு பக்கத்து ஊரில், புதுவயலில்.